மோதிர விரல்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடித் தள்ளுபடி என்று பலகை வைத்ததும் காலையிலிருந்து கூட்டம். வளையலும் கிளிப்பும் தானாகப் போகின்றன. கன்னம் மின்னப் பூசுகிற ஹைலைட்டர் பவுடரை மட்டும் இன்னும் பேசித்தான் விற்க வேண்டியிருக்கிறது. முகப் பவுடர் என்றால் வெள்ளையாக அப்புவது என்றே இந்தச் சங்கரன்கோவிலில் முக்கால்வாசிப் பேருக்கு நினைப்பு.

ஒரு கல்லூரிப் பெண் செல்போனில் யாரோ ஒருத்தியின் படத்தைக் காட்டி, "அக்கா, இவ கன்னத்துல மட்டும் லைட் எரியுற மாதிரி இருக்கே, அது என்ன பல்பு?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். அவளாகவே முத்து வெள்ளை நிற டப்பாவை எடுத்தாள். "அது உன் நெறத்துக்குச் சாம்பல் பூசுன மாதிரி இருக்கும் தாயி, இதைப் பாரு" என்று தேன் நிறத்தை எடுத்தேன். பிரஷ்ஷில் தொட்டு, டப்பா விளிம்பில் தட்டி உதறி, கன்ன எலும்பின் மேட்டில் ஒரே இழுப்பு. அதன் மேல் மோதிர விரலால் மெல்ல ஒத்தினேன். விரல் சூட்டில்தான் பவுடர் தோலோடு சேரும். பிரஷ்ஷோடு விட்டால் அது பவுடராகவே நிற்கும். பிறகு அவளை வாசலுக்கு இழுத்துப்போய் வெயிலில் கண்ணாடியைக் கொடுத்தேன். டியூப் லைட்டுக்குக் கீழே எல்லாரும் அழகுதான். வெயிலில் நிற்கிறதுதான் சரக்கு.

பூசியது தெரியக்கூடாது, முகம் தெரிய வேண்டும். என் தொழில் அவ்வளவுதான்.

சாயங்காலம் தம்பி ஆவுடையப்பன் வந்தான். அபி கல்யாணம் ஆவணியில் என்று உறுதியாகிவிட்டது. அபிநயா அவனுடைய ஒரே மகள். எனக்குப் பிள்ளை இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் என் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வளர்ந்தவள். நான் பிரஷ் பிடிக்கப் பழகியதே அவள் முகத்தில்தான். இடது கன்னத்தில் அரிசி அளவுக்கு ஓர் அம்மைத் தழும்பு இருக்கிறது. பவுடர் அதில் விழுந்தால் தழும்புதான் மின்னும். ஒரு விரற்கடை மேலே தள்ளி ஆரம்பிக்க வேண்டும். கல்யாணத்தன்று அந்த முகத்தை எப்படிச் செய்வேன் என்று மனசுக்குள் எத்தனையோ தடவை செய்து பார்த்துவிட்டேன். இந்த வருஷம் எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"கல்யாணம் முடிஞ்ச கையோட புதுக் கடையும் திறக்கப்போறேன்க்கா. மொத போணி உன் கையாலதான்" என்றான். அவனுடைய பழைய பாத்திரக் கடையும் என் கையால் போணி ஆனதுதான். இந்தத் தெருவில் பாதிக் கடைகள் அப்படித்தான். வடிவக்கா கைராசி என்று ஒரு பேச்சு இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. நல்ல இடமும் நல்ல சரக்கும் இருந்தால் எவன் கை பட்டாலும் ஓடும். ஆனாலும் கூப்பிட்டால் போகிறேன். நாலு பேர் நம் பெயரைச் சொல்வது கடைக்கு நல்லதுதானே.

ஆகஸ்ட் 6, புதன்

தம்பி பெண்டாட்டி புஷ்பம் தன் தங்கை இந்துமதியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"மைனி, இவளுக்கு இந்த மேக்கப் வேலையைக் கொஞ்சம் கத்துக்குடுங்க. வீட்டுல சும்மாதான் கெடக்கா."

"சும்மா ஒண்ணும் கெடக்கல. ரெண்டு பிள்ளைய வளக்கேன்" என்றாள் இந்து.

"அதைத்தாம்ட்டி சும்மான்னு சொல்லுதாவ" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம்.

முகூர்த்த மாதம் வருகிறது. ஒரே நாளில் மூன்று வீட்டில் பெண் அலங்காரம் கேட்கிறார்கள். எனக்கும் ஒரு கை கூடினால் நல்லது. சரி என்றேன். புஷ்பம் என்னைத் தேடி வந்து ஒன்று கேட்பது அபூர்வம்.

ஆகஸ்ட் 9, சனி

இந்து வந்தாள். பிரஷ்ஷைக் கரண்டி மாதிரி பிடிக்கிறாள். பவுடரை உதறாமல் அப்படியே நெற்றியில் வைத்தாள். "ஏட்டி, இது என்ன ஆட்டோ ஹெட்லைட்டா?" என்றேன். கண்ணாடியைப் பார்த்துவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். நல்ல பெண். கேட்டுக்கொள்கிறாள்.

முதலில் கன்னத்துச் சிவப்பு, அதற்கு மேல்தான் இது. எண்ணெய் வழிகிற மூக்கில் வைக்காதே. மூக்குத்தி போட்ட பெண் என்றால் மூக்குப் பக்கமே போகாதே, கல் மின்னட்டும், நீ போட்டிக்கு நிற்காதே. பரு, தழும்பு, பள்ளம் இருக்கும் இடத்தைத் தாண்டிப் போ. எல்லாம் சொன்னேன். தலையை ஆட்டினாள். மோதிர விரலால் ஒத்துவதுதான் அவளுக்கு வரவில்லை, தேய்க்கிறாள். "குங்குமம் வைக்கிற மாதிரி ஒத்தணும்ட்டி" என்றேன். உடனே வந்துவிட்டது.

என் விரல் குங்குமச் சிமிழுக்குள் போய் வெகுகாலம் ஆகிறது. ஹைலைட்டர் டப்பாவுக்குள் தினமும் போகிறது.

கிளம்பும்போது, "அபிக்கும் இதே தேன் கலர்தானாக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா. நான் செய்யும்போது கூட நின்னு பாரு."

அவள் டப்பாவை மூடினாள். மூடியதைத் திறந்து மறுபடியும் மூடினாள். வெயில் தாழ்ந்ததும் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அபியை அலங்கார ஒத்திகைக்கு வரச் சொல்லி போன் போட்டேன். "லீவு கெடைக்கல அத்தை." சென்ற வாரமும் இதைத்தான் சொன்னாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. பலகையைக் கழற்றினேன். தள்ளுபடி இல்லை என்றதும் வாசல் வரை வந்து திரும்பிப் போகிறவர்களைப் பார்க்கச் சிரிப்பாக வருகிறது. பலகை வைக்குமுன் பத்து ரூபாய் கூட்டி எழுதித்தான் பத்து ரூபாய் குறைத்தேன். ஊரில் எல்லாக் கடையும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் அபி ஒத்திகைக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

தம்பி வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்கு. கடையை மதியம் வரை பூட்டிவிட்டுப் போனேன். ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து மஞ்சள் இடித்தார்கள். இந்துவும் ஒருத்தி. நான் அடுக்களையில் காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். யாராவது கவனிக்க வேண்டிய வேலைதான்.

அபி பட்டுப்பாவாடை தாவணியில் நின்றாள். அவ்வளவு அழகு. பக்கத்தில் போய்க் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். "அத்தை, மஞ்சள் தட்டு கீழ விழுந்துரும்" என்று நகர்ந்துகொண்டாள். தட்டு அவள் கையில் இல்லை, தரையில் இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் புஷ்பம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மைனி, கல்யாணத்தன்னைக்கு உங்களுக்கு ஆயிரம் வேலை கெடக்கும். வாரவங்களைக் கவனிக்கணும், பந்தியைப் பாக்கணும். பொண்ணு அலங்காரத்துல போய் உக்காந்துட்டா யார் பாக்க? இந்து பாத்துக்கிடட்டும், என்ன?"

நியாயமான பேச்சுதான். நூறு பேர் வந்து போகும் வீட்டில் மூத்தவள் ஓர் அறைக்குள் அடைந்து கிடக்க முடியுமா?

"முகூர்த்தம் காலையிலதானே. விடியுமுன்னே முடிச்சிட்டு வந்துருவேன்" என்றேன்.

புஷ்பம் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்துவிட்டு வாயில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

தம்பி கடைக்கு வந்தான். உட்காரவில்லை. கண்ணாடி அலமாரியில் இருந்த பொட்டுப் பாக்கெட்டுகளை எடுத்து எடுத்து வைத்தான்.

"அக்கா, மாப்பிள்ளை வீட்டுல கொஞ்சம் பழைய பழக்கம் பாப்பாங்க போலிருக்கு. அந்தம்மா ஒரு மாதிரி."

"என்ன மாதிரி?"

"அதான்... பொண்ணைத் தொடுறது, அலங்காரம் பண்றது... சுமங்கலியாப் பாத்து..."

 அவனே முழுசாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். சொன்னான்.

என் வீட்டுக்காரர் லாரியில் போனவர் உயிரோடு திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தத் தொழிலே. ஆடித் தபசுக் கூட்டத்தில் சாக்கு விரித்துப் பொட்டு விற்றேன். பிறகு தள்ளுவண்டி. பிறகு இந்தக் கடை. தம்பியின் முதல் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தவள் யார் என்று நான் எழுதப்போவதில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை பெண்கள் முகத்தைத் தொட்டிருக்கிறேன். ராஜபாளையத்திலிருந்து கார் அனுப்பிக் கூட்டிப்போனவர்கள்கூட உண்டு. உனக்குப் புருஷன் இருக்கிறானா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டதெல்லாம், எத்தனை மணிக்கு வருவீங்க என்பதுதான்.

மாப்பிள்ளையின் அம்மா, தென்காசிக்காரி, கேட்கிறாள். கேட்கட்டும். பெண் கொடுக்கிற இடம், தம்பி என்ன செய்வான் பாவம். அவன் போன பிறகு அந்தச் சொர்ணம் என்கிற அம்மாளை மனசார நாலு வார்த்தை திட்டினேன். கொஞ்சம் லேசானது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பதினோரு மணி வாக்கில் கடை வாசலில் ஒரு கார். கனத்த உடம்பு, சிரித்த முகம். "நீங்கதானே வடிவு மதினி? நான் தென்காசி சொர்ணம். மாப்பிள்ளைக்கு அம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். என் இரண்டு கையையும்.

ஜவுளி எடுக்க வந்தாளாம். அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்தாளாம். நான் காபி சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"எனக்கு உங்க மேல ஒரு கோவம் மதினி" என்றாள்.

"என்ன கோவம்?"

"எங்க தங்கச்சி மக கல்யாணத்துல நீங்கதான் அலங்காரம். போட்டோவைப் பாத்துட்டு நான் அன்னைக்கே சொன்னேன், இந்தக் கையாலதான் என் மருமகளுக்கும் பண்ணணும்னு. பாத்தா நீங்க பொண்ணுக்கே அத்தையா வந்து நிக்கீங்க! அபிகிட்டயும் சொன்னேன். அவ என்னன்னா, அத்தைக்கு முட்டுவலி, நிக்க முடியாதுன்னுட்டாங்கன்னு சொல்லுதா. வெளியாளுக்கு நிக்கீங்க, வீட்டுப் பிள்ளைக்கு முட்டுவலியா?"

நான் ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். மேல் அலமாரியிலிருந்து அவளுக்குக் காட்ட ஒரு பெட்டி எடுக்க ஏறியிருந்தேன். அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க பக்கம் இந்தச் சுமங்கலி, சம்பிரதாயம்..." என்று ஆரம்பித்தேன்.

"எங்க மாமியாரே இருவது வருஷம் தாலியில்லாம இருந்தவங்க. என் பிள்ளைக்குப் பேர் வச்சதே அவங்கதான். அதெல்லாம் யார் மதினி இப்பப் பாக்கா?" என்றவள் பாதியில் நிறுத்தினாள். கெட்டிக்காரி. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. காபியை முழுக்கக் குடித்தாள். போகும்போது மறுபடியும் கையைப் பிடித்தாள், இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தி.

ஆகஸ்ட் 25, திங்கள்

தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "தென்காசியில யாருடா பழைய பழக்கம் பாக்கா?"

"விடுக்கா, கல்யாண வீடு."

"யார் சொன்னதுடா?"

"புஷ்பத்தோட அம்மா ஏதோ... விடேன்க்கா. உன்னை யார் என்ன கொறைச்சாப் பேசுனாங்க இப்ப? பத்திரிகையில உன் பேரை மொதல்ல போட்டிருக்கேன்ல?"

போட்டிருக்கிறான். பெரிய எழுத்தில்.

புஷ்பம்தான். வேறு யாராக இருக்கும்? அத்தைக்கு முட்டுவலி என்று அபி சொன்னாள் என்றால் அம்மா சொல்லிக்கொடுத்திருப்பாள். அபி அப்படிப்பட்ட பெண் இல்லை.

இந்து கல்யாண அலங்காரத்துக்குச் சாமான் வாங்க வந்தாள். என் கண்ணைப் பார்க்கவில்லை. என் கை தானாக முத்து வெள்ளை டப்பாவை எடுத்துப் பையில் வைத்தது. மேடை விளக்கில் அது அபியின் மாநிறத்தின் மேல் சுண்ணாம்பாய் நிற்கும். கல்யாண ஆல்பம் முழுக்க நிற்கும். இந்துவுக்கு வித்தியாசம் தெரியாது. அவள் தெரு முனை போன பிறகு ஓடிப்போய் வாங்கித் தேன் நிறத்தை மாற்றி வைத்தேன். "மாத்தி வச்சிட்டேன்ட்டி" என்றேன். மூச்சு வாங்கியது. மனுஷர் மேல் உள்ள கோபத்தைச் சரக்கில் காட்டினால் அப்புறம் நான் என்ன வியாபாரி.

அபி கன்னத்துத் தழும்பைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. ஒருத்திக்கு எத்தனை கொழுக்கட்டை வேண்டும்? மூன்று செய்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

வரவேற்புக்குப் போய்விட்டு வந்தேன். எழுத ஓடவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. நேற்றைய விஷயத்தை இப்போது எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் மண்டபத்தில் பந்தி வாசலில் நின்று வந்தவர்களை உட்காரவைத்துக்கொண்டிருந்தேன். அபி மேடைக்கு வந்தாள். போட்டோக்காரன் இரண்டு படம் எடுத்துவிட்டு, "பொண்ணுக்கு லெஃப்ட்ல ஏதோ ஸ்பாட் அடிக்குதுங்க, வேர்வையைத் தொடைச்சுட்டு வரச் சொல்லுங்க" என்றான். வேர்வை இல்லை. அங்கிருந்தே எனக்குத் தெரிந்தது. தழும்பின் மேலேயே பவுடர். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் வர இன்னும் நேரம் இருந்ததால் அபி அறைக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் இந்து வேகமாக வந்தாள். அழுதிருந்தாள். "அக்கா, அபி உங்களைக் கூப்பிடுதா. பின்பக்க வழியா வாங்கக்கா."

போனேன். எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. கைப்பையில் பஞ்சு, பிரஷ், ஒரு டப்பா எல்லாம் இருந்தன. எப்போதும் இருக்கும்தான். ஆனால் நேற்று மத்தியானம் பிரஷ்ஷைக் கழுவிக் காயவைத்து எடுத்து வைத்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

நான் நுழைந்ததும் அபி இந்துவை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் தாழ் போட்டாள். என் கண்ணுக்கு முதலில் பவுடர்தான் தெரிந்தது, பிறகுதான் அபி தெரிந்தாள்.

"அத்தை, என் மூஞ்சியைப் பாருங்க அத்தை. கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க."

"உக்காரு" என்றேன். பஞ்சால் அந்த இடத்தைத் துடைத்தேன். அடியில் இருந்த பூச்சைக் கலைக்காமல் மேலே மட்டும். சின்ன வயதில் மாதிரியே கண்ணை மூடி முகத்தை ஏந்தினாள். டப்பாவைத் திறந்து விரலில் தொட்டுக்கொண்டேன். அப்போதுதான் கேட்டேன்.

"தாழ்ப்பாள் ஏன் போட்ட?"

"யாராவது வந்துட்டா?"

"வந்தா என்ன?"

கண்ணைத் திறந்தாள்.

"ஒங்கம்மாவுக்குப் பயப்படுதியா?"

"அம்மா இல்லத்தை." விரலில் இருந்த மருதாணியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அம்மா மேல கோவப்படாதீங்க. நான்தான் அம்மாகிட்ட சொன்னேன். எனக்கே ஒரு பயம். உங்களைப் பிடிக்காமயா? நாளப்பின்ன ஏதாவது ஒண்ணுன்னா, இதனாலதானோன்னு எனக்கே தோணிரும்ல... அந்த நெனப்போட நான் எப்படி இருப்பேன்?"

"இப்ப மட்டும் பயம் இல்லையா?"

"இது ரிசப்ஷன்தானே அத்தை. தாலி நாளைக்குத்தானே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன வாரம் பத்து ரூபாய் கூட்டி இந்த வாரம் பத்து ரூபாய் குறைக்கிற கணக்கு. என் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவள்தானே.

"கதவைத் திறந்து வை அபி. செய்யுதேன்."

அவள் தாழ்ப்பாளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வெளியே புஷ்பம் குரல், "அபி, மாப்பிள்ளை மேடைக்கு வந்தாச்சு!" என் விரலில் பவுடர் அப்படியே இருந்தது. அவள் கையை நீட்டினாலே தாழ்ப்பாள் எட்டும்.

"அத்தை, ப்ளீஸ். அஞ்சு நிமிஷம்தான்."

முந்தானையில் விரலைத் துடைத்தேன்.

"கண்ணாடி முன்னாடி நில்லு. தழும்புக்கு மேல ஒரு விரற்கடை விட்டு, உன் மோதிர விரலாலயே ஒத்திக்கோ. தேய்க்காத. உன் விரல்லயும் சூடு இருக்கு."

டப்பாவை மேசையில் வைத்தேன். தாழ்ப்பாளை நானே திறந்தேன். பின் வழியாகப் போகவில்லை. முன் கதவு வழியாக வந்து, மேடைக்கு முன்னால், நாற்காலிகளுக்கு நடுவே நடந்துபோய் மறுபடியும் பந்தி வாசலில் நின்றேன். சொர்ணம் மதினி மேடையிலிருந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அபி மேடைக்கு வந்தபோது முகம் சரியாக இருந்தது. பூசியதே தெரியவில்லை. கெட்டிக்காரி.

இன்று காலை கடைசி வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டேன். அதை யாரும் தடுக்கவில்லை. தூரத்திலிருந்து வந்து விழுகிற அரிசி யார் கை அரிசி என்று தெரியாது.

செப்டம்பர் 1, திங்கள்

கடை. வளையல் சரக்கு வந்தது. நாலு டஜன் உடைசல். திருப்பி அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

மறுவீட்டு விருந்துக்குக் கூப்பிட்டார்கள். முட்டுவலி என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

தம்பி வந்தான். மாலை, பழம், வெற்றிலைத் தட்டு எல்லாம் புஷ்பம் கையில். புதுக் கடைக்கு வெள்ளிக்கிழமை நாள் குறித்தாயிற்று.

"ஏழரை மணிக்கு வந்துரு அக்கா. மொத போணி உன் கையாலதான். ஊரே சொல்லுது, வடிவக்கா கை பட்டா வெளங்கும்னு."

"ஆமா மைனி, ஒங்க கைராசி எங்களுக்கு வேணும்" என்றாள் புஷ்பம். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. உண்மையாகவே நம்பித்தான் கேட்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தட்டை வாங்கிக் கல்லாப்பெட்டி மேல் வைத்தேன்.

"வாரேன்டா. ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன். போணி பண்ணும்போது ஷட்டர் ஏத்தியிருக்குமா, எறக்கியிருக்குமா?"

"என்னக்கா கேக்குத? ஷட்டரை எறக்கிட்டு யாராவது யாவாரம் பண்ணுவாங்களா?"

"அதை ஒம் மககிட்ட கேளு."

அவன் புஷ்பத்தைப் பார்த்தான். புஷ்பம் தட்டைப் பார்த்தாள். தாழ்ப்பாள் விஷயம் அவளுக்குத் தெரியும் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. தட்டை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். தம்பி வாசல்படி இறங்கி, திரும்பி, "அக்கா" என்றான். நான் பொட்டு அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வண்டி கிளம்புவதற்குள் அந்தப் பல்பு கேட்ட கல்லூரிப் பெண் வந்துவிட்டாள். கூட அவள் அக்கா. வருகிற ஐப்பசியில் கல்யாணமாம்.

"என் கன்னத்தைப் பாத்துட்டு இவளுக்கும் வேணுமாம். கல்யாணத்தன்னைக்கு நீங்கதான் வரணுமாம்."

அக்கா நல்ல கறுப்பு. வெட்கப்பட்டாள். "எனக்கெல்லாம் இது எடுக்குமாக்கா?" என்றாள்.

"எடுக்காம என்ன? நெறத்தைத்தான் சரியா எடுக்கணும்" என்று செம்பு நிறத்தை எடுத்தேன். "ஒண்ணு சொல்லிருதேன் தாயி. எனக்கு வீட்டுக்காரர் கெடையாது, எறந்துட்டாவ. ஒங்க வீட்டுல பெரியவங்க யாராவது ஏதாவது நெனச்சா இப்பவே சொல்லிருங்க. கல்யாணத்தன்னைக்குக் கதவைச் சாத்திக்கிட்டு நான் செய்ய மாட்டேன்."

இத்தனை வருஷத்தில் நான் யாரிடமும் சொல்லாத பேச்சு. இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"எங்கம்மாவுக்கும்தான் இல்ல" என்றாள் அக்கா. "அவங்கதான் உங்ககிட்ட அனுப்புனாங்க."

அவளை வாசலுக்குக் கூட்டிப்போனேன். தம்பியின் வண்டி இன்னும் கிளம்பவில்லை. வெயில் முகத்தில் நேராக விழுகிற மாதிரி அவளை நிறுத்தினேன். டப்பாவைத் திறந்து, தெருவே பார்க்க, மோதிர விரலால் ஒத்தினேன்.